வடித்துக் கொட்டிய தண்ணீர்

இஞ்சிவிளை ரெபேக்காளுக்குக் கூச்சம் என்பது பிறவியிலேயே குறைவு. மகள் அனுமோள் நர்சிங் படிக்க மங்களூர் போவதற்கு முன் விளையாட்டாக ஒரு யூடியூப் சேனல் தொடங்கிக் கொடுத்தாள். வேறொருத்தியாக இருந்தால் அதையும் மகளோடு சேர்த்து ரயிலேற்றி அனுப்பியிருப்பாள். ரெபேக்காள் விடவில்லை. பகலெல்லாம் தையல் மெஷினில் குனிந்து பிளவுஸ் தைப்பாள். சாயங்காலம் போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, எதிரே யாரோ ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கதை கேட்கிறார்கள் என்ற நினைப்பில் பேசிக்கொண்டே சமைப்பாள். தமிழில் தொடங்குவாள், மீனைச் சட்டியில் போடும்போது மலையாளத்துக்குப் போயிருப்பாள், புளி கரைக்கும்போது திரும்பியிருப்பாள். போனதும் வந்ததும் அவளுக்கே தெரியாது. பார்க்கிறவர்களும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. முகம் தெரியாத ஊர்களிலெல்லாம் 'ரெபேக்காக்கா' என்று கூப்பிடத் தங்கைகள் கிடைத்தார்கள். ஒற்றைப் பெண்ணாகப் பிறந்தவளுக்கு அது கொஞ்சம் தலைக்கேறத்தான் செய்தது.

"திங்கியதுக்கு இந்த வீட்டில நான் ஒருத்தன். பாக்கியதுக்கு ஊரு முழுக்க ஆளு" என்பார் அவள் புருஷன் சத்தியதாஸ். ரப்பர் வெட்டுகிறவர். மனைவி வீடியோ எடுத்து முடிக்கும்வரை தட்டை மடியில் வைத்துக்கொண்டு பசியோடு காத்திருக்கிற மனுஷன் வேறென்ன சொல்வார்.

அவள் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது மரச்சீனி வீடியோதான். மற்ற ஊர்களில் மரவள்ளி என்பார்கள். தோலுரித்து, நறுக்கி, வேகவைத்து, தேங்காயும் பச்சைமிளகாயும் சீரகமும் மஞ்சளும் அம்மியில் சதைத்துப் போட்டு மசித்து எடுப்பது. கூடவே மீன் குழம்பு. கேரள எல்லையில் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அதைச் செய்யத் தெரியாத வீடு கிடையாது. ஆனால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே போனில் செய்தி கிடந்தது.

"அக்கா, நான் சீர்காழியிலேர்ந்து தையல்நாயகி. நீங்க காட்டின மாதிரியே கிழங்கு செஞ்சேன். மாமனார்தான் முதல்ல சாப்பிட்டாரு. கொஞ்ச நேரத்துல தலைசுத்தி, வாந்தி. ஆஸ்பத்திரியில சேத்துருக்கோம். டாக்டர் எப்படிச் செஞ்சேன்னு கேக்குறாரு. எங்க தப்பு பண்ணேன்னு சொல்லுங்கக்கா. எல்லாரும் என்னையே பாக்குறாங்க." கீழே போன் நம்பர்.

ரெபேக்காள் நின்றபடியே தன் வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். தோலுரிக்கிறாள், நறுக்குகிறாள், தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைக்கிறாள், கிழங்கு கொதிக்கிறது. அடுத்த காட்சியில் மசித்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் ஒன்றுமில்லை. நடுவில் என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு கையிலும் துணி சுற்றிப் பானையைத் தூக்கிப் பின்வாசலுக்குப் போய், தென்னையின் அடிமூட்டில் தண்ணீரை வடித்துக் கொட்டினாள். போன் டின்மேலேயே இருந்தது. பிறகு அனுமோள் சொல்லிக் கொடுத்தபடி, சும்மா நிற்கிற அடுப்பு தெரிகிற பாகத்தை வெட்டி எறிந்தாள். வாயாலும் அதைச் சொல்லவில்லை. குளித்தால் தலை துவட்ட வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்களா?

உடனே அந்த நம்பருக்குக் கூப்பிட்டாள்.

"மக்கா, ரெபேக்காளாக்கும். கிழங்கு வெந்த தண்ணிய என்ன செய்தே?"

"தண்ணியா? சத்து போயிடும்னு அதுலயே வத்த விட்டேங்க்கா. குக்கர்லதான் வச்சேன்."

"எனக்க பொன்னு மக்கா, அதில கட்டு உண்டு. ஒருமாதிரி விஷமாக்கும். எல்லாக் கிழங்கிலயும் ஒருபோல இருக்காது, பாத்தாலும் தெரியாது. மூடாம நெறைய தண்ணியில வேவிச்சி, அந்தத் தண்ணிய வடிச்சிக் கொட்டணும். நான் கொட்டினேன். சொல்லியில்ல. இத இப்பமே டாக்டர்கிட்ட சொல்லு. நீ ஒரு தப்பும் செய்யேல, தெற்று எனக்காக்கும்."

அந்தப் பக்கம் போன் கைமாறியது. "நீதானா அந்தச் சமையக்காரி?" என்றது ஒரு வயதான குரல். தையல்நாயகியின் மாமியார். "தெரியாதவ எதுக்கு ஊருக்குப் பாடம் நடத்துற? இவளும் வந்த நாள்லேர்ந்து போனைப் பாத்துப் பாத்து... எம் புருஷனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ரெண்டு பேரையும் சும்மா விட மாட்டேன்." இணைப்பு அறுந்தது.

ரெபேக்காள் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். தெரியாதவள் என்று சொன்னதற்காகக்கூட இல்லை. தெரிந்தும் சொல்லாமல் விட்டோமே என்றுதான்.

சத்தியதாஸ் விஷயத்தைக் கேட்டதும் சொன்னார்: "எட்டீ, அந்த வீடியோவ அழி. சேனலையும் அழி. நமக்கு இந்தப் பொல்லாப்பு வேண்டாம்."

"வீடியோவ அழிக்கலாம். பாத்து படிச்சிட்டுப் போனவளுவ இருக்காளுவளே? இன்னைக்கும் எவளாவது குக்கர மூடி வச்சிருப்பா. அவளுக்கு ஆரு சொல்லுவா?"

"நீ போய்ச் சொன்னா விஷம் வச்சவன்னு ஒனக்க பேரு நாறும்."

"நாறட்டு. எந்திரிங்க. போனைப் பிடிங்க."

சத்தியதாஸ் வாழ்க்கையில் முதல்முறையாக ஒளிப்பதிவாளர் ஆனார். பாதிப் படத்தில் அவருடைய கட்டைவிரல்தான் தெரிந்தது. இருந்தாலும் பானையோடு அவள் பின்வாசலுக்கு நடந்தபோது விடாமல் கூடவே நடந்தார். தண்ணீர் தென்னை மூட்டில் விழுவது வரைக்கும் வீடியோவில் இருந்தது. முடிவில் ரெபேக்காள் முகத்தைக்கூடத் துடைக்காமல் சொன்னாள்: "முன்ன போட்டதில இத நான் காட்டேல, சொல்லவும் இல்ல. அதனால ஒரு வீட்டில ஒரு பெரியவரு ஆஸ்பத்திரியில கெடக்காரு. செய்த பிள்ள மேல குற்றமில்ல. முழுக் குற்றமும் எனக்காக்கும்." பழைய வீடியோவை எடுத்துவிட்டு இதைப் போட்டாள்.

திட்டினார்கள். நன்றாகவே திட்டினார்கள். அக்கா என்று கூப்பிட்ட தங்கைகளில் சிலர் சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். பக்கத்து வெள்ளறடையிலிருந்து ஒருத்தன், இதைக்கூடவா சொல்லித் தர வேண்டும் என்று சிரித்து எழுதியிருந்தான். அவன் கையில் கிடைத்திருந்தால் ரெபேக்காள் பானையைத் தலையில் கவிழ்த்திருப்பாள். ஆனால் நடுநடுவே வேறு சிலரும் எழுதினார்கள். நாங்களும் கொட்டியதில்லை, இப்போதுதான் தெரிந்தது, நல்லவேளை. அந்த நல்லவேளைகளை அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

சீர்காழியிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. தையல் ஓடவில்லை. யாருடைய பிளவுஸுக்கோ கையை மாற்றி வைத்துத் தைத்துப் பிரித்தாள்.

பிறகு ஒருநாள் போன் வந்தது. தையல்நாயகிதான். மாமனார் வீடு திரும்பிவிட்டார். கஞ்சியிலிருந்து சோற்றுக்கு வந்துவிட்டார். "ஆனா என்னை இன்னும் அடுப்படிக்குள்ள விடலைக்கா" என்றாள்.

"அம்மையிட்ட போனைக் குடு" என்றாள் ரெபேக்காள்.

மாமியார் போனை வாங்கி, "நீ புதுசா போட்ட வீடியோவைப் பாத்தேன். தப்பு உன்னோடதுன்னு நீயே ஊரறியச் சொல்லிட்டே. அது வரைக்கும் சரி" என்றாள். "ஏம்மா, ஒண்ணு கேக்குறேன். இன்னும் நீங்க சொல்லாம செய்யறது என்னென்ன இருக்கு?"

ரெபேக்காள் கூசாமல் யோசித்துப் பார்த்தாள். தெரிந்திருந்தால்தான் சொல்லியிருப்பாளே.

"அம்மா, அது எனக்கே தெரியாது" என்றாள். "தெரியாத ஒரு ஆளு பக்கத்தில நின்னு கேட்டாத்தான் தெரியும். நான் எதப் போட்டாலும் முதல்ல நீங்களும் மருமவளும் பாருங்க. கேள்வி கேளுங்க. நீங்க சரின்னு சொன்ன பிறகுதான் ஊருக்குப் போடுவேன். முதல்ல அந்தக் கிழங்கையே செய்வோம். எனக்க கண்ணு முன்னால அவ செய்யட்டு."

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு அடுக்களைகளும் ஒரே வீடியோ காலில் இருந்தன. மாமியார் பிடித்துக்கொண்ட போனுக்குள் தையல்நாயகி தோலுரித்தாள். கேள்விக்குக் குறைவில்லை. உள்ளே இருக்கிற இளஞ்சிவப்புத் தோலும் போகணுமா? போகணும். நடு நரம்பு? எடுத்துப் போடு. எவ்வளவு தண்ணி? கிழங்கு மூழ்கி மேலே நிற்கணும். இதில் பாதியை ரெபேக்காள் முதல் வீடியோவில் சொன்னதே இல்லை. சொல்லச் சொல்ல அவளுக்கே வியர்த்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பக்கத்தில் சத்தியதாஸ் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்க்கட்சி வக்கீலிடம் மாட்டிய மனைவியை ரசித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரை வடித்துக் கொட்டினாள் தையல்நாயகி. தேங்காய் போட்டு மசித்தாள். மாமியார் போனை மருமகளிடம் கொடுத்துவிட்டு, முதல் வாய் தானே எடுத்துச் சாப்பிட்டாள். மென்றாள். தனக்கு ஏதாவது செய்கிறதா என்று பார்க்க நேரம் ஆகட்டும் என்று கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரெபேக்காளும் நாற்காலியை விட்டு அசையவில்லை, இணைப்பையும் துண்டிக்கவில்லை.

இருட்டத் தொடங்கியபோது அந்த அம்மாள் எழுந்தாள். ஒரு தட்டில் கிழங்கை வைத்து உள்ளறைக்குக் கொண்டுபோனாள். போனும் பின்னாலேயே போனது. கட்டிலில் பெரியவர் எழுந்து உட்கார்ந்தார்.

"சாப்பிடுங்க" என்றாள். "என் மருமக செஞ்சது."

அவர் தட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், வாசலில் போனோடு நின்ற மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

"மீன் குழம்பு எங்க?" என்று கேட்டார்.