கேட்க முதலே கழற்றிய மூடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. குச்சவெளி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "சண்டைக் காலத்தில கார் ஹோர்ன் திருத்தினனாங்கள், ஆனா சத்தம் வராமல் திருத்தினனாங்கள்" என்றார். அடுத்த தரிப்பில் இறங்கியும் விட்டார். பாவி மனுஷன், மிச்சத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

முதல் வாக்கியமாக, "திருகோணமலைத் துறைமுகத்தில் சூரியன் மெல்ல..." என்று தொடங்கினேன். சீ! சூரியனுக்கும் ஹோர்னுக்கும் என்ன சம்பந்தம்?

2

ஆண்டு 1996 என்று வையுங்கள். வாடகைக் கார் ஓட்டும் கிண்ணியா ஸெய்னுதீன், தன் மொறிஸ் மைனரைத் துறைமுகத்தடியில் தம்பிராசாவின் கராஜுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். முகத்தில் ஈயாடவில்லை.

"தம்பி, இடப்பக்கம் ஒடிச்சா ஹோர்ன் தானாக் கத்துது. காலையில சென்றிக்கு முன்னால கத்தி, ஆமிக்காரன் துவக்கைத் தூக்கிட்டான்."

"வயரைக் கழட்டிவிட்டா முடிஞ்சுது, நானா." (நானா என்பது முஸ்லிம்களிடத்தில் அண்ணன்.)

"கழட்டினாப் பாதையை எப்பிடிக் கூப்பிடுற? மகள் ரபீக்காவுக்கு இண்டைக்கோ நாளைக்கோ பிள்ளை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரணும்."

(பாதை என்பது கிண்ணியாவில் கார்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. அது எதிர்க்கரையில் நின்றால் ஹோர்ன் அடித்துத்தான் அழைக்க வேண்டும். வாயால் கூப்பிட்டால் காற்று கொண்டுபோகாது.)

ஆக, ஓரிடத்தில் கத்தினால் உயிர் போகும், இன்னோரிடத்தில் கத்தாவிட்டால் மகள்... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனமில்லை.

3

கராஜுக்கு எதிரேயும் ஒரு சென்றி, அதாவது ஆமிக் காவலரண். ஹோர்னை அடித்துப் பார்க்க ஏலாது. தம்பிராசா ஹோர்னைக் கழற்றி, அந்த வயரில் ஒரு பல்பைப் பூட்டினார். பல்ப் எரிந்தால் ஹோர்ன் கத்துகிறது என்று அர்த்தம். ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினார்; எரியவில்லை. இடப்பக்கம் திருப்பினார், பளிச்சென்று எரிந்தது.

[இங்கே தம்பிராசாவை ஒரு ஞானியாக்கப் பார்த்தேன். மனுஷன் ஒத்துக்கொள்ளவில்லை, பீடி கேட்டார்.]

ஸ்டியரிங் நடுவிலிருந்த ஹோர்ன் மூடியைத் தொட்டதுமே அது கையோடு வந்தது. உள்ளே வயர் முறுகி, தோலுரிந்து, இரும்பில் முட்டிக்கொண்டிருந்தது.

"இதை ஆர் இவ்வளவு தரம் கழட்டினது?"

ஸெய்னுதீன் தலைகுனிந்தார். "நான்தான். போன வருஷம் ஒருக்கா, உள்ளுக்க என்ன இருக்கெண்டு ஆமிக்காரனுகள் திறந்து பாத்தானுகள். பிறகு அவன் கேக்க முந்தி நானே கழட்டிக் காட்டிருவன்."

"எந்தச் சென்றியில?"

"எட்டிலயும்."

தம்பிராசா சிரிக்க வாயெடுத்து, பீடியைக் கடித்துக்கொண்டார். எனக்கும் இவரைத் திட்ட வாய் வரவில்லை. ஒரு மனிதர் பயத்தாலேயே ஒரு வயரைத் தேய்த்துவிட்டார், அவ்வளவுதான். அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் எதையோ தேய்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

தம்பிராசா சைக்கிள் வால்வ் ரியூப்பை வெட்டி வயருக்குச் சட்டை போட்டார். இடப்பக்கம் திருப்பினார், எரியவில்லை. அழுத்தினார், எரிந்தது. பல்பைக் கழற்றி ஹோர்னைத் திரும்பப் பூட்டினார்.

"இனிக் கழட்டாதையுங்கோ நானா. கழட்டினாச் சட்டை விலகிடும், திருப்பிக் கத்தும்."

"கை சொல்லுக் கேக்காது, தம்பி!"

4

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பாதை பழுது. கிழித்தெறிந்தேன், அந்தப் பிள்ளை படுகிற பாடு போதும். அடுத்ததில் ஆமிக்காரன் வாழ்த்துச் சொல்கிறான். எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. மூன்றாவது இது.

மறுநாள் காலை கிண்ணியாக் கரையில் ஸெய்னுதீன் ஹோர்னை அழுத்தினார். கார் ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்தியது. அக்கரையில் பாதை அசைந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். கண் கலங்கிவிட்டது.

ஏழு சென்றி கடந்தாயிற்று, ஏழிலும் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு. எட்டாவது ஆஸ்பத்திரி வளைவில், இடப்பக்கத் திருப்பம். ஆமிக்காரன் குனிந்து பார்த்தான். ஸெய்னுதீனின் கை மூடிக்குப் போய்விட்டது.

பின்சீற்றில் ரபீக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "வாப்பா, அவர் ஒண்டும் கேக்கல்லயே" என்றாள்.

ஆமிக்காரன் போகச் சொல்லிக் கையசைத்தும்விட்டான். ஆனாலும் ஸெய்னுதீனின் விரல்கள் மூடியின் விளிம்பில் நிற்கின்றன. பலமுறை எழுதிப் பார்த்தேன், அந்தக் கையை என்னால் எடுக்க ஏலவில்லை. நானும் அந்த றோட்டால் போய்வந்தவன். நீங்கள் எடுத்துவிடுங்கள். கொஞ்சம் கெதியாக, பிள்ளை வரப்போகிறது.