விட்டுப்போன சீட்டு

புத்தகத்தின் கடைசியில் பொடி எழுத்தில் ஏழெட்டுப் பக்கம் வருமே, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் பட்டியல், அதைத் தயாரிப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. பதிப்பகத்தில் எல்லோரும் அவரை அடைவுக்காரர் என்றே கூப்பிடுவார்கள். முப்பது வருஷத்தில் ஒரு சொல்லைக்கூட அவர் தவறவிட்டதில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவரும் சொல்வார், கொஞ்சம் அடிக்கடியே.

வேலை செய்யும் விதம் பழையது. கம்ப்யூட்டர் இதை ஒரு நொடியில் முடித்துவிடும் என்று யாராவது சொன்னால், அது எண்ணும், படிக்கத் தெரியாது என்று வாயை அடைத்துவிடுவார். ஒரு பக்கம் காலியாக இருக்கும் எந்தத் தாள் கையில் சிக்கினாலும் எட்டாக மடித்துக் கத்தரித்துச் சீட்டாக்கிவிடுவார். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு, அதன்மேல் பக்க எண்கள். சீட்டுகள் அகர வரிசையில் பழைய செருப்புப் பெட்டிகளில் நிற்கும். மனைவி எழுதிவைத்த கடைச் சாமான் பட்டியல் இரண்டு முறை அப்படிச் சீட்டாகியிருக்கிறது. அடுத்தது நான்தான் என்று அந்த அம்மாள் கத்தரிக்கோலை ஒளித்துவைத்துப் பார்த்தார், பலனில்லை.

இந்த முறை வந்தது ஒரு பேராசிரியை எழுதிய புத்தகம். மனசுக்கு அடியில் நமக்கே தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. தாங்க முடியாததை அங்கே தள்ளிவிட்டு மறந்துபோகிறோம். அது சும்மா கிடக்காமல் கனவாகவும் கைத்தவறாகவும் வெளியே வருகிறது. கதை எழுதுகிறவர்களிடம் கதையாக வருகிறது. ஆகவே ஒருவர் எழுதியதைப் படித்தால் மட்டும் போதாது, எதை எழுதாமல் விட்டார் என்றும் பார்க்க வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் இதுதான். அடைவுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூக்குக்கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினால் வயசாகிவிட்டது என்று அர்த்தம், இதில் ஆழ்மனம் எங்கே வந்தது என்று மனைவியிடம் கேட்டார். நீங்க மறந்தா வயசு, நான் மறந்தா மட்டும் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார்.

இரண்டு மாதத்தில் அடைவை முடித்துக் கொடுத்தார். நாலாம் நாள் பேராசிரியையிடமிருந்து போன் வந்தது. வேலையைப் புகழ்ந்து முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சுங்க. தங்கைங்கிற சொல் பட்டியல்லயே இல்ல. ஆறாம் அத்தியாயம் முழுக்க அதுதானே?"

கதையில் வந்து பாதியில் காணாமல் போகும் தங்கைகளைப் பற்றிய அத்தியாயம் அது. நாற்பத்தொரு பக்கம். இருக்கவே முடியாது என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார் அவர். பெட்டியை இழுத்துப் பார்த்தார். தகப்பன். அதற்கு அடுத்த சீட்டு தண்ணீர். நடுவில் ஒன்றுமில்லை. முகத்தில் ஈயாடவில்லை. சீட்டு எதனோடாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டார்.

அவருக்கு ஒரு தங்கை உண்டு. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, ஒரு கையில் பையும் மறு கையில் ஆறு வயசுப் பெண்ணுமாக வந்து வாசலில் நின்றாள். கன்னத்தில் புருஷனின் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அவர் ஒரு தடிப் புத்தகத்தின் அடைவில் மூழ்கியிருந்த நேரம். குடும்பம் என்றால் அப்படித்தான், அனுசரித்துப் போ என்று புத்தி சொல்லி, அவரே கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டார். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. சரிண்ணா என்றாள். அடுத்த வருஷமே அவள் புருஷனை விட்டு வெளியேறி, வேறு ஊரில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்து பிள்ளையை வளர்க்கிறாள் என்று யார் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டார். எந்த முகத்தோடு போய்ப் பார்ப்பது? போகவில்லை. மனைவி இரண்டொரு முறை பேச்செடுத்தபோது எழுந்து போய்விட்டார். பிறகு அந்தப் பேச்சே வீட்டில் இல்லாமல் போனது.

பெட்டிகளைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொரு சீட்டாக முன்னும் பின்னும் புரட்டினார். பின்பக்கங்களில் பழைய அச்சுத் தாள், பள்ளிக்கூட நோட்டீஸ், மருந்துக் கடை விளம்பரம். கனவு என்ற சீட்டின் பின்னால் நீலப் பேனாவில் "மாமாவுக்கு" என்று இருந்தது. மறுபடி முதலிலிருந்து புரட்டினார். கிணறு, குடை, ரயில் என்று எட்டுச் சீட்டுகள் கிடைத்தன. தரையிலேயே ஒன்றோடொன்று சேர்த்து வைத்தார்.

"மாமாவுக்கு, உங்க தங்கச்சி மகள் எழுதறேன். அம்மாவுக்கு ரொம்ப முடியல. இனி அதிக நாள் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்களை ஒரு தடவை பாக்கணும்னு கேக்கறாங்க. வேற எதுவும் வேணாமாம். உங்க போன் நம்பர் எங்ககிட்ட இல்ல. அம்மாவுக்கு விலாசம் மட்டும் மனப்பாடம்."

கீழே அவள் விலாசம். தேதி ஒன்பது வாரத்துக்கு முந்தையது.

மனைவியைக் கூப்பிட்டு, இப்படி ஒரு கடிதம் வந்ததா என்று கேட்டார்.

"வந்துச்சே. நீங்கதான் பிரிச்சுப் படிச்சீங்க. யாருன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, ஏதோ விளம்பரம்னீங்க."

அவருக்கு அப்படி எதுவும் நினைவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் கத்தரித்த ஓரங்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன, முன்பக்கத்தில் இருந்தது அவருடைய கையெழுத்து. மனைவி தரையில் இருந்ததைக் குனிந்து படித்தார். படித்துவிட்டு அவருடைய பையில் இரண்டு சட்டைகளை எடுத்து வைத்தார்.

ஐந்து மணி நேரப் பயணம். பஸ்ஸில் அவர் வேண்டாத வேண்டுதல் இல்லை. ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும், அவள் என்ன திட்டினாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனார்.

மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்த பெண்ணுக்கு அப்படியே தங்கையின் தாடை. அவரை அடையாளம் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவளுக்குப் பின்னால் தையல் மெஷின்மேல் துணி போர்த்தியிருந்தது.

"அம்மா போயி பதினெட்டு நாளாச்சு மாமா."

அவர் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதார். நல்ல கனத்த மனிதர், தோள் குலுங்க அழுதார். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"லெட்டர் போய்ச் சேர்ந்திருக்காதுன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. சேர்ந்திருந்தா அண்ணன் ஓடி வந்திருப்பாராம். கடைசிவரைக்கும் தபால்காரரத்தான் திட்டினாங்க. உங்களுக்கு வரவே இல்லையா மாமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. பழி ஏற்கெனவே தபால்காரர் தலையில் விழுந்தாயிற்று. அவருக்கும் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கை பையைத் திறந்து எட்டுச் சீட்டுகளையும் எடுத்து அவளிடம் நீட்டியது.

"வந்துச்சும்மா. படிச்சிருக்கேன். படிச்சிட்டு மறந்துட்டேன்."

அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் அவள் எழுத்து, மறு பக்கம் அவர் எழுத்து. கனவு, கிணறு, குடை. அவளுக்குக் கோபம் வரவில்லை. தெரியாத ஒன்றைப் பெரியவரிடம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அது எப்படி மாமா மறக்கும்?"

அதற்குப் பதில் அந்தப் புத்தகத்தில் இருந்தது. மறதி: பக்கம் பதினேழு, ஐம்பத்தெட்டு, நூற்றுப் பன்னிரண்டு முதல் நூற்றுப் பத்தொன்பது வரை. எண்கள் ஒன்றுவிடாமல் அவருக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. அவள் முகத்தைப் பார்த்து அதிலிருந்து ஒரு வரியைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை.