மூன்று மணிக்குள் ஒரு வெள்ளை உடுப்பு

"சிம்பிளா" என்ற சொல்லைக் கேட்டதுமே முதல் கடைக்காரியின் முகம் சுருங்கிவிட்டது.

"கல்யாணத்துக்கா, இல்ல ஆஸ்பத்திரியில யாரையாவது பாக்கப் போறதுக்கா?"

"கல்யாணத்துக்குத்தாங்க," என்றாள் சிட்டு. "பஸ்ல ஏறி இறங்கணும். கால் தடுக்கக் கூடாது. மணி, கல்லு, ஜிகினா ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப எதிர்த்த கடையில பெட்ஷீட்டு விக்கிறாங்க, கேட்டுப் பாரும்மா."

தெருவில் இறங்கியதும் சிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். கூட வந்த அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு மணி ஆகியிருந்தது. மூன்று மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். வலது கையில் கட்டோடு அங்கே வந்து நிற்பான். போன மாதம் பெண் கேட்டு வீட்டுக்கு வந்தவனின் கையைப் பிடித்துக் கதவிடுக்கில் வைத்து, தோளால் முட்டிச் சாத்தினான் அண்ணியின் புருஷன். சிட்டுவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு விரல்கள் முறிந்தன. அடுப்படியில் நின்றிருந்த அண்ணி அந்தச் சத்தத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அவளுடைய மணிக்கட்டும் ஒரு காலத்தில் அப்படித்தான் சத்தம் போட்டது.

அதனால்தான் கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு கைப்பையோடு கிளம்பியிருந்தார்கள். கட்டிய துணியோடு நேரே போய்விடலாம் என்றாள் சிட்டு. அண்ணி கேட்கவில்லை.

"அந்த வீட்டுல துவைச்ச துணியோட நீ அங்க போய் நிக்கக் கூடாதுடி. அங்கேருந்து ஒரு நூல்கூட உன் மேல ஒட்டக் கூடாது."

இரண்டாவது கடையில் அவர்கள் தேடியதே கிடைத்தது. ஆனால் சிட்டுவின் அளவு இல்லை. "கிடங்கிலேருந்து எடுத்துட்டு வரச் சொல்றேங்க. வந்ததும் கூப்பிடுறோம், நம்பர் குடுத்துட்டுப் போங்க," என்றாள் விற்பனைப் பெண். அண்ணி சீட்டை வாங்கி எழுதிக் கொடுத்தாள். பதினோரு வருஷமாக எந்தத் தாளை நீட்டினாலும், எந்தக் கட்டத்தைக் காட்டினாலும், அவள் எழுதுவது ஒரே நம்பர்தான். அவளுக்கென்று ஒரு போன் இருந்ததே இல்லை. சிட்டுவின் போன் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் கை பழக்கத்தில் எழுதிவிட்டது. மனம் அப்போது மூன்று மணியில் இருந்தது.

காத்திருக்கப் பொறுமையில்லாமல் தெருக்கோடியில் இருந்த மூன்றாவது கடைக்குப் போனார்கள். ஒற்றை அறை. ஒரு தையல்காரி, ஒரு மெஷின், ஆளுயரக் கண்ணாடி. கம்பியின் கடைசியில் ஒரு வெள்ளை உடுப்பு தொங்கியது. வட்டக் கழுத்து, முழங்காலுக்குக் கீழே நாலு விரல் நீளம், வேறு ஒன்றும் கிடையாது. மழை பெய்து ஓய்ந்த வானம்போல வெறுமையாக இருந்தது. சிட்டு அதைத் தொட்டுவிட்டுக் கையை எடுக்கவேயில்லை.

"இடுப்புல லூசா இருக்கு. பிடிச்சுத் தச்சிடலாம்," என்ற தையல்காரி, வாய் நிறைய குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வேலையில் இறங்கினாள். "மாப்பிள்ளை என்ன பண்றாரு?"

"லிஃப்ட் ரிப்பேரு."

"ஏத்தமும் இறக்கமும் தெரிஞ்சவருன்னு சொல்லு. அசையாதடி! நாப்பது ஊசி போட்டிருக்கேன். இப்ப உன்னை எவனாவது கட்டிப்பிடிச்சான்னா செத்தான்."

அண்ணி பதினோரு வருஷத்தில் முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தாள். அப்போது கதவு திறந்தது.

"கண் டாக்டர் இங்கதான் உக்காந்திருக்காரா?"

புருஷன் ஒர்க்‌ஷாப் உடையில், கிரீஸ் கையோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். குரல் மெதுவாக இருந்தது. அப்படி இருந்தால் என்ன வரும் என்று அண்ணிக்குத் தெரியும்.

"போன் வந்துச்சு. உங்க வீட்டுக் கல்யாணப் பொண்ணோட சைஸ் வந்துடுச்சு சார்னு சொன்னாங்க. ரொம்ப மரியாதையான பொண்ணு. நீங்க இந்தப் பக்கம் வந்ததையும் அவதான் சொன்னா."

அண்ணி தன் வலது கையைப் பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல இருந்தது.

முதல் அடி அவளுக்குத்தான். தலை கண்ணாடியில் மோதி, கண்ணாடி மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. பிறகு அவன் சிட்டுவின் இடுப்பை இரண்டு கையாலும் வளைத்துத் தூக்கினான். நாற்பது ஊசிகளும் ஒன்றாக இறங்கின. இருவரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். அவன் கைகளை உதறிப் பார்த்தபோது உள்ளங்கைகளில் ஊசிகள் நட்டுக்கொண்டு நின்றன. வெள்ளைத் துணியின் இரண்டு பக்கமும் சிவப்பு ஊறியது. அதில் அவன் ரத்தம் எது, அவள் ரத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை.

"என்னையே குத்துறியா?" ஊசிகளோடேயே சிட்டுவின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாய்த்து நெரித்தான். தையல்காரி அளவுகோலால் அவன் முதுகில் அடித்தாள், கோல்தான் உடைந்தது. ஒரு உதையில் அவள் மெஷினுக்கடியில் போய் விழுந்தாள். சிட்டுவின் முகம் நீலம் பூத்தது.

மேசையில் இஸ்திரிப்பெட்டி சூடாக நின்றது. அண்ணி அதை எடுத்தாள். ஒயர் சுவரிலிருந்து பிய்ந்துகொண்டு வந்தது. அவன் முழங்கைக்கு மேலே வைத்து, காலர் மடிப்பை அழுத்துவதுபோல நிதானமாக அழுத்தினாள். சட்டை கருகியது. அடுத்து வந்தது வேறு வாடை. அவன் சிட்டுவை விட்டுவிட்டுச் சுருண்டு விழுந்தான்.

"டாக்சியில வச்சுத் தச்சிடுவேன். வா, வா," என்று தையல்காரி ஊசிநூலையும் ஒரு சால்வையையும் அள்ளிக்கொண்டாள்.

"அண்ணி, நீங்களும் வாங்க!"

"நான் வந்தா இவனும் பின்னாலயே வருவான். நீ கையெழுத்தைப் போடு. போடி!"

அவர்கள் வெளியே போனதும் அண்ணி கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். இரண்டு கையிலும் இஸ்திரிப்பெட்டி. மணி இரண்டு இருபது. அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். உள்ளங்கை ஊசிகளை ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்துப் பிடுங்கித் துப்பினான். கீழே கிடந்த ஒயரைப் பார்த்துச் சிரித்தான்.

"பிளக்கு கழண்டுடுச்சு பாத்தியா? இன்னும் எவ்வளவு நேரம் சூடு இருக்கும்? அஞ்சு நிமிஷம்? பத்து? நான் காத்திருக்கேன்."

காத்திருந்தான். வெந்த இடத்தில் ஊதிக்கொண்டே, அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய் என்னென்ன செய்யப்போகிறான் என்று வரிசையாகச் சொன்னான். வெளியே யாரோ ஜன்னல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு ஓடினார்கள். இரண்டு முப்பத்தைந்துக்கு அவன் கேட்டான்: "ஆறிடுச்சாடி?"

அண்ணி பெட்டியின் அடித்தட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஆறிடுச்சு," என்றாள்.

அவன் எழுந்து வந்தான். பெட்டியில் சூடு போயிருந்தது. கனம் அப்படியே இருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் ஓங்கி அவன் முழங்காலில் இறக்கினாள். கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. விழுந்தவன் தரையைப் பிறாண்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அவளைத் திட்டினான். பிறகு கெஞ்சினான். மறுபடியும் திட்டினான்.

அண்ணி முக்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள். காதோரத்தில் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். தூரத்தில் போலீஸ் வண்டியின் சத்தம் கேட்டது. இரண்டு நாற்பது. இன்னும் இருபது நிமிஷம் இவன் இந்த அறையை விட்டு நகரக் கூடாது. அதற்கப்புறம் அவனையும் அவளையும் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகட்டும்.