வரப்புக்கு வெளியே ஒரு புளியமரம்

சர்வேயர் சங்கிலியை இழுத்துப் பிடித்து, கல் நட வேண்டிய இடத்தைக் காலால் தட்டிக் காட்டியபோது சுப்பராயலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல் விழப்போவது புளியமரத்துக்கும் அந்தப் பக்கம், ரோட்டை ஒட்டி. அப்படியானால் மரம் அவருடைய கொல்லைக்குள்ளே வந்துவிட்டது.

கெடாரிலிருந்து விழுப்புரம் போகிற ரோட்டுக்குக் கிழக்கே அவருக்கு மல்லாட்டைக் கொல்லை; வேர்க்கடலைதான் வெள்ளாமை. காலமாகிவிட்ட அவருடைய அப்பா, கொல்லைக்குள் புளியமரம் நின்றால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயந்து, மரத்தை வெளியே தள்ளி வரப்புப் போட்டுவிட்டார். நாளாவட்டத்தில் வரப்புக்கு வெளியே இருப்பதெல்லாம் புறம்போக்கு என்று ஊரே நம்பியது. சர்க்காரும் நம்பியது. திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷனைப் பறிகொடுத்துத் திரும்பி வந்த அக்கா வெள்ளையம்மாள், தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து அந்த மரத்துக்கு மரப்பட்டா வாங்கினாள். தரை சர்க்காருக்கு, காய் அவளுக்கு. வருஷா வருஷம் தீர்வை கட்டினாள். தம்பி வீட்டுச் சோற்றை எதிர்பார்க்காமல் அவள் தனிக்குடித்தனம் நடத்தியது அந்த மரத்தால்தான்.

இப்போது எண்பத்தைந்தாம் வருஷத்தில், பட்டாக்களைப் புதுப்பிக்க ஊர் ஊராக அளக்கிறார்கள். அளந்ததில் மரத்தடி சுப்பராயலுவின் பட்டா நிலம் என்று வந்துவிட்டது. புறம்போக்கே இல்லையென்றால் மரப்பட்டா ஏது?

அக்கா புளி உலுக்குகிற தொரட்டியோடு நின்றிருந்தாள். சுப்பராயலு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இன்னாக்கா, இனிமே கொழம்புக்குப் புளி வேணும்னா என்னாண்டதான் வரணும்" என்றார்.

சர்வேயர் சிரித்தார். வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை. தொரட்டியை மரத்தில் சாய்த்துவிட்டு நடையைக் கட்டினாள்.

அதன்பின் அவள் அந்தப் பக்கமே வரவில்லை. பழம் முற்றி, தானாக உதிர்ந்து, ரோட்டில் லாரிச் சக்கரத்தில் நசுங்கியது.

"தமாசு பண்ண வேற ஆளு கெடைக்கலீங்களா?" என்றாள் மனைவி ஜெயம். "உங்கக்கா வீட்ல அடுப்பு எரியறதே அந்த மரத்தாலதான்."

சுப்பராயலு உதிர்ந்ததைப் பொறுக்கிக் கோணியில் கட்டி, சைக்கிளில் வைத்து அக்கா வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"இது இன்னாடா?"

"புளிக்கா. உன்னுதுதான்."

"என்னுதா இருந்தா நானே உலுக்கியிருப்பேன். எடுத்துக்கினு போ."

"பேஜாரு பண்ணாதக்கா. மரம் பூராவும் உனக்கே குடுத்துட்றேன்."

"நீ குடுப்ப. நாளைக்கு உம் புள்ள நிறுத்துவான். சர்க்காரு மரம்னா ரசீதைக் காட்டுவேன். தம்பி தயவுக்கு எந்த ஆபீசுல ரசீது குடுக்கறான்?"

"அப்ப வாரத்துக்கு எடுத்துக்கோ. ஆளுக்குப் பாதி."

"எங்கப்பன் கொல்லையில நான் வாரக்காரியா?"

பெண்ணுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தால் அதோடு அவள் பங்கு தீர்ந்தது என்பது ஊர் வழக்கம். அக்காவும் கேட்டதில்லை. கல் நட்டதும் மரம் தனக்கு வந்ததாகத்தான் சுப்பராயலு நினைத்தார். அது அப்பாவின் மரமாகிவிட்டது என்பது இப்போதுதான் உறைத்தது.

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போயி பாகமா எழுதிக்கலாம்க்கா. மரமும் மரத்தடியும் உம் பங்கு. நான் குடுக்கறது இல்ல, அப்பன் சொத்து."

வெள்ளையம்மாள் உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"மரத்தடின்னா எம்மாந்தூரம்?"

"நெழலு விழற மட்டும்." மரத்தைப் பாகம் வைக்கும்போது அந்தப் பக்கத்தில் அப்படித்தான் பேசுவார்கள்.

"சரி, சாயங்காலம் வந்து அளந்துக்கறேன்."

"சாயங்காலம் நெழலு கொல்லைக்குள்ள பாதி தூரம் போவும்க்கா. உச்சி வெயில்ல அளக்கறதுதான் மொற."

"அந்த வெயிலுக்கு எனக்குக் கிறுகிறுன்னு வரும்."

"அப்ப காலையில வா."

"காலையில நெழலு ரோட்டு மேல கெடக்கும். லாரிக்காரன்கிட்ட போயி பங்கு கேக்கவா?"

அன்று சாயங்காலமே கயிற்றோடு வந்துவிட்டாள். ஒரு முனையை மரத்தடியில் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை ஜெயத்திடம் கொடுத்தாள். ஜெயம் மல்லாட்டைச் செடிகளுக்கு நடுவே கிழக்கே நடந்தாள்.

"போதும், அங்கியே நில்லு" என்றார் சுப்பராயலு.

"நெழலு இன்னும் நீண்டுக்கினு போவுதுங்க" என்றாள் ஜெயம், நிற்காமல்.

வெள்ளையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கயிற்றை இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாள்.