ஹாலில் ஒருவர்

அக்கா வீட்டு ஹாலில் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். அக்கா இல்லை, அக்கா படுக்கையறையில் இருந்தாள். இரண்டையும் தம்பி தன் ஆபீஸில் உட்கார்ந்தபடி போனில் பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் எதுவும் தெரியாது. மூன்று அறைகளின் பெயர், பக்கத்தில் அறைக்கு ஒரு வரி, அவ்வளவுதான். படுக்கையறை: ஒருவர். சமையலறை: யாருமில்லை. ஹால்: ஒருவர், நடமாட்டம். அந்தக் கடைசி வரியை அவன் மறுபடி மறுபடி படித்தான். அக்கா தனியாக இருப்பவள். அந்த வீட்டுக்கு இரண்டாவது ஆளாக வரக்கூடியவன் ஒருவன்தான் உண்டு. அவன் கண்ணில் படக்கூடாது என்றுதான் அக்கா வீடே மாறியிருந்தாள்.

தம்பியின் பிழைப்பு என்னவென்றால், வீடுகளில் வைக்கிற வைஃபை ரௌட்டர்களைச் சோதிப்பது. ஒரே பெட்டியின் வீச்சு எல்லா அறைக்கும் எட்டாத வீடுகளுக்கு மூன்று பெட்டிகளாக விற்பார்கள். அறைக்கு ஒன்று வைத்தால் அவை தங்களுக்குள் பேசிக்கொண்டு வீடு முழுக்க நெட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பெட்டிக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் கடைக்குப் போகுமுன் பீட்டா என்று ஒரு பதிப்பாக வரும். பீட்டா என்றால் பாதி வெந்தது என்று அர்த்தம். பாதி வெந்ததை மற்றவர்களுக்கு முன்னால் தின்று பார்த்து, வயிறு வலிக்கிறதா என்று எழுதிக் கொடுப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

இந்தப் பதிப்பில் ஒரு புது வித்தை இருந்தது. பெட்டி அறைக்குள் வீசும் அலையில் ஆள் குறுக்கே போனால் அலை கலையும் அல்லவா? அந்தக் கலக்கத்தை வைத்தே எந்த அறையில் எத்தனை பேர் என்று சொல்லிவிடும். கேமரா தேவையில்லை. இதைச் சோதிக்க ஆளுக்கு ஒரு வெளி வீடு பிடித்துத் தரச் சொன்னார்கள். தனி ஆள் இருக்கும் வீடென்றால் தங்கம், கணக்கு தப்பினால் உடனே தெரிந்துவிடும். தம்பி கொஞ்சமும் யோசிக்காமல் அக்கா வீட்டைக் கொடுத்தான்.

பெட்டிகளை மாட்டப் போன அன்றைக்கே அக்கா கறாராகச் சொல்லியிருந்தாள். "கேமரா கீமரா ஏதாவது வச்சே, தூக்கிக் கடாசிருவேன்."

"கேமராவே கெடயாதுக்கா. உன் வேலைக்கு நெட்டு நல்லா வரணும், அதுக்குத்தான்."

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த கோளாறு. அக்கா வீட்டிலிருந்தபடியே படங்களுக்கு அடியில் வரும் எழுத்து வரிகளைப் போடுகிறவள், நெட் இல்லாவிட்டால் அவள் கை ஒடிந்த மாதிரி. மீதியை அவன் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவள் கல்யாணம் கட்டியிருந்த அந்த ஆள், வீடு பூராவும் கேமரா மாட்டிவிட்டு, ஆபீஸிலிருந்து போன் போட்டு, "ஜன்னல்கிட்ட இவ்ளோ நேரமா என்ன பாக்குறே?" என்று கேட்கிற ரகம். சூடு கண்ட பூனை அக்கா. விஷயத்தைச் சொன்னால் பெட்டியையும் அவனையும் சேர்த்தே வெளியே எறிந்திருப்பாள். போதாக்குறைக்குப் போன வாரம் அந்த ஆள் மாமா வீட்டுக்குப் போய் மரியாதையாக நலம் விசாரித்திருக்கிறான். மாமாவும் வெள்ளந்தியாக அக்கா குடிபோன தெருவைச் சொல்லிவிட்டார். அதிலிருந்து தம்பி அந்த மூன்று வரிகளைப் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

ஹால்: ஒருவர், நடமாட்டம். அந்த ஒருவர் நின்று நின்று நடந்தார். ஒரு கோடிக்குப் போய், நின்று, திரும்பி, மறுகோடிக்கு வந்தார். யாரையோ வரச் சொல்லிவிட்டுக் காத்திருப்பவரின் நடை அது.

தம்பி அக்காவுக்குப் போன் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு குரல் சொன்னது. மறுபடி போட்டான். அதே குரல்.

பக்கத்து மேஜைப் பெண்மணி தலையை நீட்டினார். எல்லோருடைய அறிக்கையிலும் சிவப்புக் கோடு போடுகிறவர் என்பதால் ஆபீஸில் அவருக்கு டீச்சர் என்று பேர். "என்ன தம்பி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"அக்காவுக்குப் போன் போக மாட்டேங்குது டீச்சர்."

"காலையில வந்த பதிப்பு அவங்க வீட்லயும் ஏறியிருக்கா? இதுல வைஃபை வழியா கால் பேச முடியாதுன்னு வந்ததுமே எழுதிப் போட்டேனே. படிக்கலையா நீ?"

படிக்கவில்லை. அக்கா இருக்கும் கட்டடத்தில் சுவர் அரண்மனைச் சுவர், டவர் சிக்னல் எட்டியே பார்க்காது. அங்கே போன் பேசுவதே வைஃபை புண்ணியத்தில்தான். ஆக, அக்காவை அழைக்கவும் முடியாது. அவள் கத்தினாலும் அந்தச் சத்தம் அந்த வீட்டைத் தாண்டாது. அந்த வழியை அடைத்தவன் வேறு யாரும் இல்லை, அவனேதான்.

"ஒத்தை ஆள் வீட்ல ரெண்டு பேர் காட்டுது டீச்சர்."

டீச்சர் போனை வாங்கிப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல் வரி மாறியது. படுக்கையறை: யாருமில்லை. ஹாலில் இருந்தவர் மட்டும் நடையை நிறுத்தவில்லை.

டீச்சர் போனைத் திருப்பிக் கொடுத்தார். இந்த வித்தையைப் பற்றி இரண்டு பேருக்குமே தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. அதற்கு அசைவு மட்டும்தான் தெரியும். அசையாமல் கிடக்கும் ஆளை அது யாருமில்லை என்றுதான் காட்டும்.

"போலீஸுக்குச் சொல்லிடு," என்றார் டீச்சர்.

"என்னன்னு சொல்றது? அக்கா வீட்ல எத்தன பேர் இருக்காங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்களே."

டீச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க அக்காவுக்கே தெரியாதா?"

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

வழியெல்லாம் சிவப்பு விளக்கு. நிற்கிற இடத்திலெல்லாம் போனை எடுத்துப் பார்த்தான். ஹால்: ஒருவர். படுக்கையறைக்கு எதிரே யாருமில்லை என்ற சொல் மாறவே இல்லை. பின்னால் வந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்து, போனைப் பாக்குறதுன்னா ஓரமா நின்னு பாரேன்யா என்று திட்டியதுகூட அவன் காதில் ஏறவில்லை. அக்காவுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது, ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வாய் தானாக முனகிக்கொண்டிருந்தது.

கட்டடத்தில் மாடிப்படி ஏறினான். அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மணியை அழுத்தப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். உள்ளே அந்த ஆள் இருந்தால் மணிச் சத்தம் அவனை உஷார்படுத்திவிடும். கதவில் காதை வைத்துக் கேட்டான். ஏதோ உரசுகிற ஓசை; ஒரு டக்; மறுபடி உரசல்; மறுபடி டக். ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அக்கா கொடுத்திருந்த சாவியை எடுத்து, பூட்டு முனகாதபடி மெல்ல மெல்லத் திருகினான்.

ஹாலில் ஆள் இல்லை. ஒரு புது ஸ்டாண்ட் ஃபேன் நின்றது, அட்டைப்பெட்டிகூட இன்னும் ஓரமாகக் கிடந்தது. அதற்கு எதிரே கொடியில் ஈரப் போர்வை. ஃபேன் இந்தக் கோடிக்குத் திரும்பி டக் என்றது, போர்வை பிள்ளைத்தாச்சி வயிறு போல உப்பியது. அந்தக் கோடிக்குத் திரும்பி டக் என்றது, போர்வை வடிந்து தரையை உரசியது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே அரண்டது ரௌட்டர். ஈரப் போர்வையை ஆள் என்று எண்ணி அது பயமுறுத்த, படித்தவனும் அதை நம்பி நகரத்தின் பாதியைக் கடந்து ஓடிவந்திருக்கிறான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சுவரில் சாய்ந்தான். சிரிப்பு வந்தது, கண்ணிலும் நீர் வந்தது.

சரி, அக்கா எங்கே? படுக்கையறையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, நாற்காலி பின்னால் தள்ளிக் கிடந்தது. போன கலக்கம் மறுபடி வந்தது. பெட்டி வைக்காத குளியலறையின் கதவு சாத்தியிருந்தது. கைப்பிடியைத் திருகினான். உள்ளே தாழ்ப்பாள்.

"உள்ள வந்தா கொன்னுருவேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அக்கா குரல்தான், ஆனால் அவன் கேட்டறியாத குரல். "போலீஸுக்குப் போன் பண்ணியாச்சு. வந்துகிட்டே இருக்காங்க."

போன் போயிருக்காது. அது வேறு யாரையும்விட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"அக்கா, நான்தான்."

கைப்பிடியை விட்டான்.

"நான்தாங்கா, தம்பி."

"கூட யாரு?"

"யாருமில்லக்கா. நான் மட்டும்தான்."

கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. ஒரு கண் அவனைப் பார்த்தது, அவன் தோளுக்குப் பின்னாலும் பார்த்தது. பிறகுதான் முழுசாகத் திறந்தாள். கையில் இஸ்திரிப்பெட்டி. அதைக் கீழே வைக்கக்கூட அவளுக்கு விரல் பிரியவில்லை. அவன்தான் வாங்கி வைத்தான்.

"பெல் அடிக்க மாட்டியாடா நீ?" என்றாள். "துணி அலசிகிட்டு இருந்தேன். யாரோ மெல்ல மெல்ல சாவி திருகற சத்தம். அந்த ஆள்தான் வந்துட்டான்னு நினைச்சேன். இஸ்திரிப்பெட்டியையும் போனையும் தூக்கிட்டு உள்ள பூந்துகிட்டேன். போன் போட்டா போகவே இல்ல. இன்னிக்கு என் கதை முடிஞ்சுதுன்னே நினைச்சேன்."

"மன்னிச்சிருக்கா."

அவளை ஹாலுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தான். போனை மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பாதி குடித்தாள், மீதி மடியில் சிந்தியது.

"சரி, நீ என்ன இந்த நேரத்துல? வேலைக்குப் போகல?"

"சும்மா... இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு."

அப்போது மேஜையில் போன் அதிர்ந்தது. திரை வெளிச்சமானது. அக்கா குனிந்து படித்தாள். படித்தவள் டம்ளரை வைத்துவிட்டு, அவன் கையை இறுகப் பிடித்து, உதடு மட்டும் அசைகிற மாதிரி கேட்டாள்.

"மூணாவது ஆள் யாருடா?"

ஹால்: மூவர், நடமாட்டம் என்று எழுதியிருந்தது. அக்காவின் கண் கதவுக்குப் பின்னால் போனது, போர்வைக்குப் பின்னால் போனது. அவள் நகம் அவன் மணிக்கட்டில் பதிந்தது. அதற்கு மேல் அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஃபேன்கா அது. ஃபேனையும் போர்வையையும் ஆள்னு எண்ணுது."

"எது எண்ணுது?"

அவன் சுவரோரம் இருந்த பெட்டியைப் பார்த்தான். அவளும் அதைப் பார்த்தாள். கையை விட்டாள். வரிகளைப் படிப்பதே அவள் வேலை, ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவசரமே படவில்லை.

"நான் எந்த ரூம்ல இருக்கேன்னு தெரியுமா?"

"தெரியும்கா."

"எப்பலேர்ந்து?"

"மாட்டுனதுலேர்ந்து."

"ராத்திரியில?"

"எல்லா நேரமும்."

"தூக்கம் வராம நான் இந்த ஹால்ல நடக்கறது?"

தம்பி தலையைக் குனிந்தான். அதுவும் தெரியும். ஒவ்வொரு நாள் காலையிலும் பல் துலக்குமுன் அதைத்தான் முதலில் பார்ப்பான். விடிய விடிய நடந்திருப்பாள். நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவான். இரவு நடமாட்டம் துல்லியமாகப் பதிவாகிறது என்று ஆபீஸுக்கு எழுதியும் போட்டிருந்தான். டீச்சர்கூட அந்த வாக்கியத்தில் சிவப்புக் கோடு போடவில்லை.

"தெரியும்," என்றான்.

"தெரிஞ்சும், ஏங்கா தூங்கலன்னு ஒரு நாள் கேக்கல நீ."

"உனக்குப் பாதுகாப்பா இருக்குமேன்னுதான்கா..."

"அந்த ஆளும் அதையேதான் சொன்னான்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவன் கொஞ்சம் தப்பித்திருப்பான். எழுந்து, மடியில் சிந்திய தண்ணீரைத் தட்டிவிட்டாள்.

"சாவிய வச்சுட்டுக் கெளம்பு."

மேஜையில் சாவியை வைத்தான். அவன் வாசலைத் தாண்டியதும் கதவு சாத்திக்கொண்டது. முதலில் பூட்டு, பிறகு தாழ்ப்பாள், பிறகு அவன் அதுவரை பார்த்திராத ஒரு சங்கிலியின் ஓசை.

படியில் கொஞ்சம்தான் இறங்கியிருப்பான். போன் அதிர்ந்தது. சமையலறைப் பெட்டி தொடர்பில் இல்லை. பிடுங்குகிறாள் என்று புரிந்தது. சற்றுப் பொறுத்துப் படுக்கையறைப் பெட்டியும் போனது. அக்கா சமையலறையை விட்டுப் படுக்கையறைக்கு வந்திருக்கிறாள், இனி ஹாலுக்கு வருவாள் என்று அவன் புத்தி தானாகக் கணக்குப் போட்டது. போடாதே என்று அதட்டினாலும் அது கேட்கவில்லை.

ஹால்: இருவர். அக்காவும் ஃபேனும். அந்த வரி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு ஒருவர் என்று மாறியது.

ஃபேனை நிறுத்திவிட்டாளா? இல்லை, ஃபேன் பாட்டுக்கு ஓட, அக்கா அசையாமல் நிற்கிறாளா? அழுகிறாளா, விழுந்துவிட்டாளா? திரும்ப ஏறிப் போய்க் கதவைத் தட்டிக் கேட்கலாம். இப்போதாவது கேட்கலாம். அவனுக்குக் கால் எழவில்லை, கண் திரையை விட்டு நகரவும் இல்லை. தன்னைக் கண்டே அவனுக்குப் பயமாக இருந்தது. அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு ஒரு பொத்தான் கீழே இருந்தது. விரல் அதன் மேல் போய் நின்றது. அவன் அழுத்தவில்லை. அக்கா கடைசிப் பெட்டியையும் பிடுங்கும்வரை, படியில் நின்று அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.