ஃபிர்தௌஸ் மிஸ் வாசித்த உரை

வீடியோ வெளியாகி இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. அடையாறு கல்லூரி ஒன்றில் ஒப்பந்த ஆசிரியையாகச் சுற்றுச்சூழல் அறிவியல் நடத்தும் ஃபிர்தௌஸ் அதை ஒரு முறைதான் பார்த்தாள். திரையில் அவளேதான் இருந்தாள். “ஆறு மூச்சுவிட வேண்டுமானால் கரையில் இருப்பவர்கள் போய்த்தான் ஆகவேண்டும்.” முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அவள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை விவாதத்தில் யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். சொந்தக் கருத்தைச் செருப்போடு வெளியே விட்டுவிட வேண்டும். பேச வந்தவருக்கு வாய் அடைத்துப்போனால், அவர் எழுதியதை ஃபிர்தௌஸ் வாசிப்பாள்.

இந்த வாரம், ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றியது சரி என்ற சீட்டு தமிழ்நிலாவுக்கு விழுந்தது. கரையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் மறுகுடியிருப்புக்கு லாரியில் ஏற்றப்பட்ட குடும்பம் அவளுடையது. வேறு சீட்டு எடுக்கச் சொன்னதற்கு, “இன்னா மிஸ், எனக்கு மட்டும் ஸ்பெஷலா?” என்று சிரித்தாள். அசத்தலாக எழுதியும் வந்தாள். எழுந்து நின்றபோது குரல்தான் வரவில்லை. ஃபிர்தௌஸ் தாளை வாங்கிக்கொண்டு, அவளை இடத்துக்கு அனுப்பிவிட்டு வாசித்தாள். பின்வரிசையில் யாரோ படம் பிடித்திருக்கிறார்கள்.

“அந்தப் பொண்ணு எழுதினதுன்னு சொல்லிடு ஆபா. உன் வேலை போயிடும்,” என்று காலையிலேயே தம்பி ஆசிஃப் ஆரம்பித்துவிட்டான்.

“சொன்னா அவ வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியுமா? சொந்த ஜனமே பிச்சி எடுத்துடும்.”

“நம்மள மட்டும் கொஞ்சறாங்களா? உன் பேரைப் பாத்துட்டு என்னென்ன எழுதியிருக்கான்னு படிச்சியா?”

“இல்ல. நீயும் படிக்காத.”

துறைத் தலைவர் வடிவேலு கெட்டவர் இல்லை. அதுதான் சிரமமாக இருந்தது.

“உன் கருத்து இல்லைன்னு எனக்குத் தெரியும்மா. காலேஜ் வாசல்ல கூட்டமா நிக்கறாங்களே, அவங்களுக்கு யார் சொல்றது? எழுதினது யாருன்னு சொல்லு, பேசிப் பாக்கறேன்.”

“வகுப்புல எழுதினது சார்.”

“வகுப்புல யாரு?”

ஃபிர்தௌஸ் தலையை ஆட்டி மறுத்தாள். அவர் பெருமூச்சு விட்டார். “திங்கக்கிழமையிலேருந்து வர வேண்டாம். இந்த செமஸ்டர் போகட்டும், அப்புறம் பாக்கலாம்.”

அந்த அப்புறம் வராது என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

ஆய்வகத்துக்கு வந்து தன் வெள்ளை கோட்டை எடுத்து மடித்தாள். ஜன்னலோரம் மாணவர்கள் கொண்டுவந்த ஆற்று நீர், பாட்டில் பாட்டிலாக நின்றது. இனி அதை யார் சோதிப்பார்கள் என்று தெரியவில்லை. திரும்பியபோது வாசலில் தமிழ்நிலா.

“மிஸ், எழுதினது நான்னு சார்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்.”

“வேணாம். முடிவு பண்ணிட்டாங்க. இனிமே சொன்னா உன்னையும் சேத்து வெளிய அனுப்புவாங்க, அவ்வளவுதான். அந்த வீடியோதான் புரியல. என்மேல யாருக்கு இவ்ளோ கோவம்?”

“கோவம்லாம் இல்ல மிஸ்.” அவள் அழத் தொடங்கியிருந்தாள். “நான் எழுதினத நீங்க படிக்கசொல்லோ எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா? எங்க ஏரியா விக்கி அண்ணனுக்கு அனுப்பினேன். என் எழுத்துன்னு அப்பால சொல்லி ஷாக் குடுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அண்ணன் எங்க ஏரியா வாட்ஸப் குரூப்ல போட்டுச்சு. உங்கள திட்டிக்கினே போட்டுச்சு.”

“தமிழு…”

“எடுத்தது நான்தான் மிஸ்.”