பட்டம் வந்த துறை

சுன்னாகத்தில் ஏரம்பருடைய வீட்டைக் கடந்து போகிறவர்கள், கேற்றுத் தூணில் கருங்கல்லில் வெட்டியிருக்கும் 'தொன் இல்லம்' என்ற எழுத்தை வாசிக்காமல் போக முடியாது. வாசித்தும் விளங்காதவர்களுக்காக அவரே பின்னேரங்களில் கேற்றடியில் நிற்பார். நானூறு வருசத்துக்கு முன்னர் போர்த்துக்கேயர் அவருடைய முன்னோர் ஒருவருக்குத் 'தொன்' பட்டம் கொடுத்தார்களாம். அந்த முன்னோர் ஞாயிற்றுக்கிழமையில் தேவாலயத்தில் வேதக்காரராகவும் மிச்ச நாளெல்லாம் சைவராகவும் இருந்து பட்டத்தைக் காப்பாற்றினார் என்பதையும் பெருமையோடுதான் சொல்லுவார்.

அப்பேர்ப்பட்டவரின் மகள் தர்சினி, கூட வேலை செய்யும், கடலோரக் கொழும்புத்துறைச் சுபாஸ்கரனைக் கட்டப் போவதாகச் சொன்னபோது, ஏரம்பருக்கு மரக்கறிச் சோற்றில் மீன்முள் அகப்பட்ட மாதிரி ஆயிற்று. பெடியன் எஞ்சினியர்தான். ஆனால் தகப்பன் தம்பிராசா மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிறார். துறைப்பக்கத்துச் சம்பந்தம்! மறுத்துப் பார்த்தார். அவன் இல்லையென்றால் கலியாணமே இல்லை என்றாள் மகள். பிடிவாதமும் தகப்பன் வழிச் சொத்து. ஆகவே பெண் கேட்டு வருகிறவர்களே கூச்சப்பட்டுத் தாமாக எழும்பிப் போகவேண்டும் என்று அவர் தீர்மானித்தார்.

அதற்கு வாய்த்தவன் மனைவி செல்வநாயகியின் தம்பி குகதாசன். பாரிசில் இருப்பவன், விடுமுறைக்குப் போர்த்துக்கல் போயிருந்தான். போர்த்துக்கேயர் என்ற பெயரின் பொருளை அந்த மண்ணிலேயே விசாரித்து, சம்பந்தகாரர் வந்திருக்கும் நேரம் வீடியோவில் வந்து சொல்லும்படி ஏரம்பர் கட்டளையிட்டார். சிங்கம், வாள், சூரியன் இவற்றில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். முன்கூட்டிக் கேட்டு வைப்பது பட்டத்தைச் சந்தேகிப்பதாகும் என்று விட்டுவிட்டார்.

தம்பிராசாவும் மனைவியும் வந்தார்கள். பயற்றம் பணியாரத்தோடு பட்டத்தின் கதையும் பரிமாறப்பட்டது. தம்பிராசா இரண்டையும் சத்தமில்லாமல் மென்றுகொண்டிருந்தார். கதை முடியவும் தொலைக்காட்சித் திரையில் குகதாசன் தோன்றினான். பின்னால் பெரிய ஆறு, கரையோரம் வள்ளங்கள்.

"அத்தான், விசாரிச்சிட்டன். இஞ்சை ஆத்து வாயிலை போர்த்தோ எண்டு ஒரு ஊர். முந்தி லத்தீனிலை போர்த்துஸ் காலே எண்டவையாம். போர்த்துஸ் எண்டால் துறை. காலே எண்ட இடத்துத் துறை. அதுதான் நாட்டுக்குப் பேராகி, பிறகு சனத்துக்கும் பேராச்சு."

ஏரம்பர் செருமினார். "வேறை வீரம் கீரம் எண்டு ஒண்டும் இல்லையோ?"

"காலே என்னெண்டு படிச்ச ஆக்களே இன்னும் பிடுங்குப்படுகினமாம். துறை மட்டும் நிச்சயம். அக்கா, கேக்குதோ?"

"வடிவாக் கேக்குது தம்பி," என்றாள் செல்வநாயகி. அவள் அவ்வளவு உரத்துக் கதைத்து வீட்டில் யாரும் கேட்டதில்லை.

தம்பிராசா தேத்தண்ணிக் கோப்பையை ஆறுதலாக வைத்தார்.

"அண்ணை, துறையாக்கள் தந்த பட்டத்தை நானூறு வரியமா வைச்சிருக்கிறியள். துறையாக்கள் கேக்கிற பிள்ளையைத் தரத்தான் யோசிக்கிறியள்."

தர்சினி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவசரமாகக் குசினிக்குள் போனாள். ஏரம்பர் யன்னலால் கேற்றைப் பார்த்தார். துறை இழிவென்றால் அந்தப் பட்டக் கல்லையும் கழற்றவேண்டும். மகளைக் கொடுத்தால் ஊர் கொஞ்ச நாள் கதைக்கும். கல்லைக் கழற்றினால், தான் செத்த பிறகும் கதைக்கும்.

"செல்வநாயகி, அந்தப் பஞ்சாங்கத்தை எடு," என்றார்.

ஆவணியில் கலியாணம் முடிந்தது. ஏரம்பர் இப்போதும் பின்னேரங்களில் கேற்றடியில்தான் நிற்கிறார். சம்பந்தம் எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால் போதும்.

"கண்ட இடத்திலை எடுப்பமோ? எங்களுக்குப் பட்டம் தந்த ஆக்களைப் போலை, துறைப்பேர் உள்ள சனமாப் பாத்துத் தேடி எடுத்தனான்."